கிளிசரின் இல்லாமல் அழுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"கிளிசரின் போடாம எப்படி மாமா அழறீங்க?" என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கொஞ்சம் வெட்கக்கேடான கதை, அதனால் எழுதுகிறேன்.

உன் தாத்தா போன ஆறாவது மாதம், ஒரு சீரியலில் தங்கையின் பிணத்தைப் பார்த்து அழுகிற அண்ணன் வேஷம் எனக்கு. நான் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்விரல்களை. முதல் டேக்கில் அழுகை கொட்டியது. லைட்டில் ஏதோ கோளாறு, மறுபடியும் எடுத்தார்கள். அதிலும் வந்தது. மூன்றாவதில் வரவில்லை. விரல்கள் தெரிந்தன, அவ்வளவுதான். கடைசியில் கிளிசரின்தான் போட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்கும் அந்த விரல்களை நினைத்தால் கூடவே ஷூட்டிங் லைட்டும் எரிகிறது. அப்பாவின் கடைசி நாளை நானே கெடுத்துக்கொண்டேன்.

மாஸ்கோ கலை அரங்கத்தை 1898-ல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் சொந்த நினைவைத் தோண்டி உணர்ச்சியை எடுக்கும் பயிற்சியை முதலில் பெரிதாக நம்பியவர்தான். 1930-களில், உணர்ச்சியைத் துரத்தாதே, அந்த ஆள் அந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்று பார் என்கிற பக்கம் வந்துவிட்டார். நான் போன நடிப்புப் பட்டறைகளில் முதல் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்!

கூத்துக்காரர்கள் விஷயம் வேறு. திரௌபதி அம்மன் கோயில்களில் துகிலுரிதல் நடக்கும் ராத்திரி பார்த்திருக்கிறாயா? கற்பூரம் காட்டிக் கும்பிட்ட பிறகுதான் துச்சாதனன் சேலையில் கை வைப்பான். வேஷக்காரருக்கே அருள் வந்துவிடுவதும் உண்டு. பக்கத்திலேயே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேலி பேசிக்கொண்டிருப்பான். விடிய விடிய ஆட வேண்டிய மனுஷன் சொந்தத் துக்கத்தை நம்பி ஆட முடியுமா? அடவும் தாளமும்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போகும். 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்களுக்குப் புரிசை கண்ணப்பத் தம்பிரான் கூத்து சொல்லிக்கொடுத்தார். அந்த வரிசையில் வந்தவர்கள் நிற்பதைப் பார், பாதம் முழுசாகத் தரையில் இருக்கும்.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன்? போனைப் பையில் போட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கிறேன். போன வருஷம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவருக்குப் போன் வந்தது. "எப்போ?" என்று மட்டும் கேட்டார். வைத்துவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை, இவரே கிளாஸை வாளித் தண்ணீரில் முக்கிக் கழுவினார், உதறினார், பலகையில் கவிழ்த்து வைத்தார். சில்லறையை இரண்டு தரம் எண்ணினார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாடகத்தில் சாவுச் செய்தி கேட்கும் காட்சியில் அதை மட்டும் செய்தேன். கழுவி, உதறி, கவிழ்த்து வைப்பது. ஈரக்கை, கிளாஸ் வழுக்கிவிடுமோ என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. நாடகம் முடிந்து உன் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அப்பா மாதிரியே டம்ளரைக் கவுத்து வைக்கிறியேடா" என்றாள்.

நான் அப்பாவை நினைக்கவே இல்லை, மாப்ளே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. பேசலாம்.

அன்புடன்,
மாமா