வாயைக் கட்டு என்று நான் சொன்னதைப் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

உடல் நிறையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றி வைத்தியர் உன்னிடம் பேசியதாகச் சென்ற ஞாயிறு தொலைபேசியில் சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேனோ என்று சிறிது நேரம் பேசாமல் இருந்தாய். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். யோசித்ததை எழுத்தில் தருவதே நல்லது. தொலைபேசியில் என்றால் பாதியில் அம்மா வாங்கிவிடுவார்.

முப்பது வருடம் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவன் நான். கொலிசிஸ்டோகைனின் என்னும் ஓமோனைக் கரும்பலகையில் ஒரே வரியில் முடித்துவிடுவேன்: கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் மேற்பகுதிக்கு வந்ததும் அது சுரக்கும், பித்தப்பையைச் சுருங்கச் செய்யும், சதையி என்னும் கணையத்தின் சாற்றைத் தூண்டும். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அதே ஓமோனைச் செலுத்தியபோது எலிகள் குறைவாக உண்டன என்பது 1973ஆம் ஆண்டிலேயே வெளியான ஆய்வு. அதை நான் மாணவருக்கும் சொல்லவில்லை. நீ இரவில் இன்னும் இரண்டு இடியப்பத்துக்குக் கை நீட்டியபோது நினைத்துப் பார்க்கவும் இல்லை. "வாயைக் கட்டு" என்று, விருந்தினர் இருக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனைக்கும் ஓமோன் என்ற சொல்லே குடலைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். நீ இருக்கும் இலண்டனில், 1902இல், பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் சிறுகுடற் சுவரிலிருந்து பிரித்தெடுத்த செக்ரெற்றின் என்னும் பொருளைக் கொண்டு, நரம்பின் துணையில்லாமலே குடல் குருதிவழியாகச் சதையிக்குச் செய்தி அனுப்புகிறது என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட செய்திப் பொருள்களுக்கு ஓமோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905இல் வழங்கினார். அந்தச் செய்தி மூளைக்கும் போகிறது, பசியையும் நிறைவையும் அது தீர்மானிக்கிறது என்பதெல்லாம் தெளிவாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோனை ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் 1999இல்தான் கண்டறிந்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது குருதியில் ஏறுகிறது, சாப்பிட்டபின் இறங்குகிறது. மாலையில் மெரைன் டிரைவில் நடந்துவிட்டுக் காலி வீதிக்கு ஏறும்போது கொத்துரொட்டி கொத்தும் சத்தம் கேட்டதும் வயிறு கூப்பிடுகிறதே, அதில் மூக்குக்கும் காதுக்கும் மட்டுமல்ல, அந்த நேரத்துக்குப் பழகிவிட்ட இரைப்பைக்கும் பங்குண்டு. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, பருமனானவர்களுக்குக் கிரெலின் கூடுதலாக இருக்கும் என்று நீ நினைத்தால் தவறு. நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் வெறும் வயிற்றில் அவர்களுக்கு அது மெலிந்தவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. சாப்பிட்டபின் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை என்பதே அவர்களிடம் காணும் வேறுபாடு.

உன் விடயத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. கல்யாணத்துக்கு முன் நீ அரைவயிற்றோடு பல மாதங்கள் இருந்து பதினான்கு கிலோ குறைத்தாய். இரண்டு வருடத்தில் அத்தனையும் திரும்பி வந்தபோது, புகுந்த வீட்டில் கட்டுப்பாடு போய்விட்டது என்று நான் அம்மாவிடம் சொன்னேன். மெல்பேர்னில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வை அண்மையில்தான் வாசித்தேன். ஐம்பது பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து மெலிந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் மெலிந்தோரின் கிரெலின் முன்னிருந்ததைவிட உயர்ந்தே இருந்தது; நிறைவை உணர்த்தும் கொலிசிஸ்டோகைனினும் பெப்டைட் வை.வை.யும், கொழுப்பிழையம் சுரந்து பசியை அடக்கும் லெப்டினும் தாழ்ந்தே இருந்தன. பசியும் தொடங்கியபோது இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. நீ அந்த இரண்டு வருடமும் எங்களோடு மேசையில் உட்கார்ந்து எதை எதிர்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நான் சொன்னது பிழை, மகள்.

இனி அந்த ஊசி. உணவு குடலை எட்டும்போது ஜீ.எல்.பி-1 என்னும் ஓமோன் சுரந்து, இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. உடலின் நொதியம் ஒன்று அதை ஓரிரு நிமிடத்தில் சிதைத்துவிடுகிறது. அந்த ஊசியில் உள்ள செமகுளுடைட் அதைப் போலவே வேலை செய்து, சிதையாமல் ஒரு வாரம் நிற்கும்படி அமைக்கப்பட்ட மருந்து. 2021இல் வெளியான பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 வீதம் நிறை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 வீதம். நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்பதையும் சேர்த்தே யோசி. மாதக் கணக்கில் அல்ல, வருடக் கணக்கில் போடவேண்டி வரலாம். தொடக்கத்தில் ஓங்காளம் பலருக்கு வருகிறது. போடு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் வைத்தியன் அல்ல. என் சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் குளிசையை நான் யாருக்கும் ஒளித்து விழுங்குவதில்லை. நீயும் எனக்காக எதையும் ஒளிக்கவேண்டாம்.

வைத்தியரிடம் சொல்லவேண்டிய இரண்டு விடயங்கள் நம் குடும்பத்தில் உண்டு. அம்மம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பித்தப்பையில் கல் இருந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். வேகமாக மெலியும்போதும் இந்த மருந்தாலும் அந்தக் கல் வரக்கூடும். மற்றது, கொட்டாஞ்சேனை மாமிக்குக் கழுத்தில் தைரொயிட் கட்டி எடுத்தார்களே, அது என்ன வகை என்று நாம் யாரும் அன்று கேட்கவில்லை. மெடுலரி எனப்படும் அரிய வகைத் தைரொயிட் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் வைத்தியர் அதைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். மாமி அது வெறும் கழலை என்கிறார். ஆனாலும் பழைய அறிக்கை அலுமாரியில் இருக்கும் என்கிறார். சனிக்கிழமை போய்த் தேடி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அதுவரை முதல் ஊசியைப் போடாமல் பொறு.

அன்புடன்,
அப்பா