பெரிய கொடுவாவைத் திரும்பத் தண்ணீரில் விடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

திருகோணமலை உட்துறைமுக வீதியில் கரைக்கட்டின் மேலிருந்து பின்னேரங்களில் தூண்டில் போடும் இளைஞர்களில் ஒருவர் போன கிழமை தன் கைத்தொலைபேசியில் எனக்கு ஒரு படம் காட்டினார். கிண்ணியாப் பாலத்தடியில் இரவு பிடித்த கொடுவா மீன். செவுளுக்குள் கயிறு கோத்து மரக்கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். வால் நிலத்தில் முட்டியது, தலை பக்கத்தில் நின்றவரின் நெஞ்சு வரை வந்தது. "ஐயா, பதினேழு கிலோ" என்றார். அந்தச் சந்தோசம் எனக்குத் தெரியும். 1979 இல் அதே தண்ணீரின் கரையில் அதே முகத்தோடு நானும் நின்றிருக்கிறேன். தங்கள் பத்திரிகையிலும் இப்படியான படங்கள் இடைக்கிடை வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலையிலும் தூண்டிலிலும் வயிறு வளர்க்கும் கடற்றொழிலாளர்களுக்கு நான் எதுவும் சொல்ல வரவில்லை. எண்ணெய் விலைக்கும் ஐஸ் விலைக்கும் நடுவில் அவர்கள் படும் பாடு இந்த ஊரில் யாருக்கும் மறைவில்லை. நான் பேசுவது என்னைப் போன்றவர்களோடு. கையில் றொட்டும் றீலும் வைத்துக்கொண்டு, "ஒரு பெரிய மீன், வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய மீன்" என்று இரவிரவாகக் கரைக்கட்டின் மேல் குந்தியிருப்பவர்களோடு.

1979 இல் நான் கிண்ணியாவில் தபால் எழுதுவினைஞன். அப்போது பாலம் கிடையாது. 2009 இல் அது திறக்கப்படும் வரை திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போவதென்றால் படகுப் பாதையில்தான். பாதையடியில் வள்ளம் வைத்திருந்த ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்கு மீன்பிடி பழக்கினார். தம்பலகாமக் குடாவின் தண்ணீர் வற்றிறக்கத்தில் அந்த வாய்க்கால் வழியாகக் கொட்டியாரக் குடாவுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இழுவையில், வாடைக்காற்று தொடங்கித் தண்ணீர் கலங்கியிருக்கும் நாட்களில், கொடுவா வந்து நிற்கும். உயிர் மணலை மீனை முதுகில் கொளுவி, ஈயம் இல்லாமல் ஓட்டத்தோடு விட வேண்டும். கொடுவா இரையைக் கடிக்காது, வாயைத் திறந்து உறிஞ்சும். "டப்" என்று தண்ணீருக்குள் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு ஒன்று இரண்டு மூன்று எண்ணித்தான் சுண்ட வேண்டும் என்பது காக்காவின் பாடம்.

அந்த ஒக்டோபர் இரவு நான் எண்ணிச் சுண்டினேன். எண்பது இறாத்தல் தாங்கும் தங்கூசி நூல் என் இரண்டு விரல்களையும் வெட்டியது. மீன் மூன்று தரம் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. கண் மட்டும் நெருப்புத் தணல் மாதிரிச் சிவப்பாக மின்னியது. அரை மணித்தியாலம் கழித்து வள்ளத்துக்குள் ஏற்றியபோது கை நடுக்கத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. விடியச் சந்தையில் நிறுத்தால் முப்பத்தொரு இறாத்தல்.

வெட்டும்போதுதான் வயிற்றுக்குள் சினை கண்டோம். இரண்டு பெரிய சட்டி நிறைந்தது. காக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சின்னக் கொடுவாக்குள்ள சினை இருந்து எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. பெரிசுக்குள்ள மட்டும்தான் இருக்கும். பெரிசெல்லாம் தாய்."

அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஊர் முழுக்கச் சினைப் பொரியல். மூன்று நாள் தபாற் கந்தோருக்கு வந்தவர்களெல்லாம் மீன் கதையே கேட்டார்கள்.

அந்தப் பேச்சு எனக்கு விளங்க முப்பத்தொன்பது வருடங்கள் எடுத்தது. விளங்கிய இடம் கனடா.

மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள். 2018 இல் மனைவியும் நானும் ஐந்து மாதம் போய் நின்றோம். பேரனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவனுக்குப் படிப்பை விட, ஹொக்கியை விட, ஸ்மோல்மௌத் பாஸ் என்ற மீனில்தான் பைத்தியம். சிறுவாய் என்று பெயரே தவிர வாய் அவ்வளவு சிறிதில்லை. அதன் உறவான லார்ஜ்மௌத் பாஸுக்கு மேல் தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும், இதற்குக் கண்ணுக்கு நேரே நின்றுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். பித்தளை நிறம், விலாவில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள், சிவந்த கண். நன்னீர் மீன். பாறையும் பரலும் உள்ள குளிர்ந்த தெளிந்த தண்ணீரில் இருக்கும்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் சிம்கோ வாவி. எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல். கரையில் நின்றால் கடல் மாதிரி இருக்கும். ஜூன் தொடக்கத்தில் பேரன் என்னை ஒரு தோணித்துறைப் பலகையில் குப்புறப் படுக்கச் சொன்னான். கீழே ஐந்தடித் தண்ணீருக்குள் பரல் கற்களில் தட்டு மாதிரி ஒரு வட்டம் துடைத்திருந்தது. அதன் மேல் ஒரு மீன், செட்டையை மட்டும் அசைத்துக்கொண்டு அப்படியே நின்றது. "அம்மப்பா, அது தகப்பன்" என்றான். வாலால் துடைத்து அந்தக் கூட்டைச் செய்வது ஆண். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் பிறகு குஞ்சுகளுக்கும் கிழமைக் கணக்கில் காவல் நிற்பது தகப்பன். அதைத் தூண்டிலில் கொளுவித் தூக்கினால், திரும்ப விடுவதற்கிடையில் சுற்றி நிற்கும் சின்ன மீன்கள் கூட்டைத் துடைத்துவிடும். அதனால் நாங்கள் அங்கே நின்ற 2018 இல் அந்த வாவியில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிப்பதற்குப் பூட்டு. அது சட்டம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை சட்டத்துக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை, அந்தத் தகப்பனைப் பார்த்துச் சொன்னான்.

திறந்த பிறகு நாங்கள் சனி ஞாயிறுகளில் பதினொரு தரம் போனோம். அவனுக்கு வேண்டியது இருபது அங்குல ஸ்மோல்மௌத். அந்தப் பக்கத்துத் தூண்டில்காரருக்கு இருபது அங்குலம் என்பது ஒரு எல்லைக்கல். குளிர் நாட்டில் மீன் மெல்லத்தான் வளரும். அந்த நீளத்துக்கு வரப் பத்து வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். அந்த இனத்தின் உலகச் சாதனை 1955 ஜூலை 9 இல் டென்னஸி, கென்டக்கி எல்லையிலுள்ள டேல் ஹொலோ வாவியில் டேவிட் ஹேஸ் என்பவர் பிடித்தது, 11 இறாத்தல் 15 அவுன்ஸ். இடையில் அதன் மேல் ஐயம் கிளப்பிப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், பிறகு திரும்பவும் சேர்த்தார்கள். என் முப்பத்தொரு இறாத்தலோடு பார்த்தால் அது ஒரு குட்டி. இவ்வளவு சின்ன மீனுக்கா இவ்வளவு பாடு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒன்று கொளுவிய பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. மெல்லிய றொட், எட்டு இறாத்தல் நூல். கீழே இழுத்துக்கொண்டு போனது திடீரென்று மேலே திரும்பி ஆகாயத்தில் எழும்பும். தோற்றதென்பதை அது கடைசி வரை ஒத்துக்கொள்ளாது.

அங்கே அது தின்று கொழுப்பது எதில் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வகை உளுவை மீனில்! கருங்கடல், கஸ்பியன் பக்கத்து உளுவை. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது, 1990 இல் முதலில் கண்டார்கள். பாஸ் கூட்டின் முட்டையைத் தின்பதிலும் அதுதான் முன்னுக்கு நிற்கும். அந்த உளுவையைப் போலச் செய்த ஒரு றப்பர் இரையை இருபதடி ஆழத்துப் பாறையில் உரசி உரசி இழுத்தோம். கொழும்புத்துறையில் பிறந்து உவர்மலையில் கிழவனான எனக்கு அந்த உளுவையைக் கண்டதும் ஊர்க்காரனைக் கண்ட மாதிரி இருந்தது.

பத்துப் பயணத்தில் ஆகப் பெரியது பத்தொன்பதேகால். பதினோராவது பயணம் ஒக்டோபர் முதல் கிழமை, விறைக்கும் காற்று. பகல் பதினொரு மணிக்குப் பேரனின் றொட் வளைந்தது. நான் வலைக்கரண்டியால் ஏந்தினேன். அளவுப் பலகையில் வைத்தான்: இருபதரை. நான் வாய் விட்டுக் கத்தினேன். அவன் கத்தவில்லை. "அம்மப்பா, கையை நனையுங்கோ. காஞ்ச கை பட்டால் அதின்ர வழுவழுப்பு போயிடும், பிறகு நோய் பிடிக்கும்" என்றான். ஒரு படம். பிறகு வயிற்றைத் தாங்கித் தண்ணீருக்குள் பிடித்தான். செவுள் இரண்டு மூன்று தரம் திறந்து மூடியது. வாலால் எங்கள் இருவர் முகத்திலும் தண்ணீர் அடித்துவிட்டு அது போனது.

வீட்டுக்கு வரும்போது காரில் கேட்டேன், மூன்று மாதம் திரிந்து பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விட உனக்கு எப்படி மனம் வந்தது என்று. "அது என்னை விடப் பெரிசா இருக்கும் அம்மப்பா, வயசில" என்றான். பிறகு, "உங்கட ஊரில என்ன பெரிய மீன்?" என்று கேட்டான். கொடுவாவைச் சொன்னேன். சினையைச் சொன்னேன். அன்றிரவு அவன் கொடுவாவைப் பற்றித் தேடி வாசித்து எனக்குச் சொன்னான்.

கொடுவா ஆணாகத்தான் பருவத்துக்கு வருகிறது. சில வருடம் ஆணாக இருந்து, ஆறு ஏழு வயதளவில், எண்பது தொண்ணூறு சென்ரிமீற்றர் நீளத்தில், பெண்ணாக மாறுகிறது. உப்புத் தண்ணீர் உள்ள முகத்துவாரத்தை ஒட்டித்தான் முட்டையிடும். குஞ்சுகள் கண்டல் காடுகளுக்குள்ளும் களப்புகளுக்குள்ளும் வளரும். பெரிய தாய் ஒன்று ஒரு பருவத்தில் ஒரு கோடிக்கும் மேல் முட்டையிடக் கூடியது. கையில் காகிதமும் இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல், கிண்ணியாப் பாதையடியில் சினைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு காக்கா சொன்னது அத்தனையும் சரி. பெரிசெல்லாம் தாய்.

ஆகவே நாங்கள் "பெரிய மீன், பெரிய மீன்" என்று தேடித் தேடிக் கொல்வது எதை என்று யோசித்துப் பாருங்கள். சின்னதை விட்டுப் பெரியதை எடுப்பதுதான் நியாயம் என்று நாங்கள் வளர்ந்தோம். பல மீன்களுக்கு அது பொருந்தும். கொடுவாவுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். மகாவலி கடலில் விழும் முகத்துவாரத்திலிருந்து உப்பாறு, தம்பலகாமம் வரைக்கும் உள்ள தண்ணீரில் வளரும் கொடுவாக் குஞ்சுகளுக்கு அந்தப் பதினேழு கிலோ மீனைப் போன்ற சிலதுதான் தாய். வலைக்காரரின் நாளைய வருமானமும் அந்தத் தாயின் வயிற்றில்தான் இருக்கிறது. டைனமைற் போடுபவர்களைப் பற்றி நாங்கள் கோபமாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவன் ஒரு இரவில் ஒரு தாயை எடுத்தால் அதைக் கைதட்டிப் படம் போடுகிறோம்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாங்களே ஒரு அளவு வைக்கலாம்: எண்பது சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவைத் தூண்டில்காரர் திரும்ப விடுவது. சாப்பாட்டுக்கு அறுபது எழுபது சென்ரிமீற்றர் மீன் ஒரு குடும்பத்துக்குத் தாராளம், ருசியும் அதில்தான் கூட.

விடுவதிலும் விதம் இருக்கிறது. தூண்டில் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுகம். நூல் தடிப்பாக இருக்கட்டும், மெல்லிய நூலில் மணிக்கணக்காக விளையாடிக் களைத்த மீன் நீந்திப் போனாலும் தப்புவது கடினம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி, அதற்குள் கை விடக்கூடாது, மீனுக்கும் கூடாது. தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் அந்தப் பாரம் அதன் தாடையையும் முள்ளந்தண்டையும் கெடுக்கலாம். ஒரு கை வயிற்றுக்குக் கீழே வேண்டும். கொங்கிறீற்றில் போட்டுப் புரட்டாதீர்கள். நீங்கள் மூச்சை அடக்கி வைத்திருக்கக் கூடிய நேரம்தான் அதற்கும் கரையில் நேரம். பாலத்துக்கு மேலே நின்று பிடிப்பவர்கள் நூலில் தூக்கி எடுக்காமல், ஒருவர் கீழே இறங்கி ஏந்த வேண்டும். மனம் போனபடி மேலிருந்து எறிவது விடுவதாகாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. தொங்கவிட்ட கொடுவாவின் படம் வந்தால் அதைப் போடாதீர்கள். தண்ணீருக்குள் நின்று இரண்டு கையாலும் ஏந்தியிருக்கும் மீனின் படத்தைப் போடுங்கள், நீளத்தோடு, பிடித்தவரின் பெயரோடு. பெரிய மீன் பிடித்தவனுக்குப் பெயர் வேண்டும், அந்த ஆசை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயரை, மீனைத் திரும்ப விட்டவனுக்குக் கொடுங்கள்.

படம் காட்டிய தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சினை இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் பின்னேரம் அவரே ஒரு பலகை கொண்டுவந்தார். நான் சென்ரிமீற்றர் கோடுகள் கீறி, எண்பதில் சிவப்புப் பெயின்ற் அடித்துக் கொடுத்தேன். இன்னும் நாலு பலகை என் வீட்டு விறாந்தையில் காய்ந்துகொண்டிருக்கிறது. வாடை தொடங்குவதற்கு முன் வேண்டியவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு உட்துறைமுகக் கட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
உவர்மலை,
திருகோணமலை.