ஆண்டுத் தொடக்கத்தை வீட்டின் அளவுக்கு அளந்து தாருங்கள்: போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். வரும் ஆண்டுக்கான வேத வாசிப்பு அட்டவணையையும் உபவாச நாட்களையும் குடும்ப ஜெப ஒழுங்கையும் நீங்கள் முடிவுசெய்வதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எண்ணி எழுதுகிறேன். ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில், தோளில் ஒரு பிள்ளை உறங்க, மடியில் இன்னொன்று சாய்ந்திருக்க, அச்சடித்த தீர்மானத் தாளை ஒற்றைக் கையால் வாங்கிக்கொள்ளும் தாய்மாரில் நானும் ஒருத்தி. அந்தத் தாளில் 'குடும்பம்' என்ற தலைப்பின்கீழ் வருகிறவற்றை வீட்டில் யார் நடத்திவைப்பது என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. எழுதாமலே அது தாயின் பொறுப்பு என்று நீங்களும் எடுத்துக்கொள்கிறீர்கள், வீட்டிலுள்ளவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆண்டின் தொடக்கத்தில் வீடுகளுக்கு நீங்கள் தருகிற எதுவாயினும் அதை அந்தந்த வீட்டின் அளவுக்கு அளந்து, வீட்டிலுள்ள எல்லாருக்குமாகப் பங்கிட்டுத் தாருங்கள்.

புதிய தொடக்கங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவற்றுக்காக எங்களைப்போல் ஏங்குகிறவர்கள் சபையில் வேறு யாரும் இருப்பார்களா என்பதே சந்தேகம். பிள்ளைகளை அதட்டாமல் எழுப்ப வேண்டும், கைபேசியைத் தொடும் முன் வேதத்தைத் திறக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவைக்க வேண்டும், முகம் முறிந்துபோன உறவினருக்கு நாமே முந்திக்கொண்டு பேச வேண்டும் என்று ஒவ்வொரு தாயின் மனத்திலும் நீங்கள் தராத தாள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல்தான் உங்கள் தாளும் வந்து அமர்கிறது.

வேதத்தில் ஆண்டின் முதல் மாதம் எது என்று கர்த்தர் குறித்துக் கொடுத்த இடத்தை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்கிறேன். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், இந்த மாதம் உங்களுக்கு முதல் மாதம் என்று சொன்ன கையோடு கொடுக்கப்பட்ட கட்டளை வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி என்பதாகும். அதை அடுத்த வசனமோ, ஓர் ஆட்டுக்குட்டியை உண்டு முடிக்கப் போதிய பேர் இல்லாத வீடு அயல்வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம் என்றும், அவரவர் உண்ணும் அளவைப் பார்த்தே கணக்கிட வேண்டும் என்றும் சொல்கிறது. அடிமைத்தனத்திலிருந்து ஒரு ஜனம் முழுவதும் புறப்படவிருந்த அந்த இரவில்கூட, சிறிய வீட்டால் எவ்வளவு முடியும் என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. நம் தாள்களிலோ கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீட்டுக்கும், படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பராமரிக்கும் வீட்டுக்கும் ஒரே அட்டவணைதான்.

அட்டவணை என்றதும் வேத வாசிப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் மொத்தம் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. வாரநாளில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தும் வாசித்தால் ஓராண்டில் முடிந்துவிடும் என்று நீங்கள் சொல்கிற கணக்கு சரியானதே. ஆனால் அந்தக் கணக்கின்படி ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் முடிந்து, ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் வந்து நிற்கும். பலிகளின் ஒழுங்கையும் குஷ்டரோகச் சட்டங்களையும், வீட்டுப்பாடம் முடியாத பிள்ளைகளை உட்காரவைத்து, விளக்கிச் சொல்ல யாருமில்லாமல் வாசிக்கிற தாயின் நிலையை எண்ணிப்பாருங்கள். பல வீடுகளில் வாசித்ததைக் குறிக்கும் தாளின் கட்டங்கள் பிப்ரவரியில் வெறுமையாகத் தொடங்குவதற்குப் பக்தி குறைந்துபோனதுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

இன்றைக்கும் உலகமெங்கும் கையாளப்படுகிற வாசிப்பு அட்டவணை ஒன்றை, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மக்ஷெய்ன் 1842ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபையாருக்காக வகுத்தார். நாளுக்கு நான்கு அதிகாரங்கள், அவற்றில் இரண்டு குடும்பமாக வாசிக்க, இரண்டு தனியே வாசிக்க என்பது அதன் ஏற்பாடு. ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். (அவர் மணமாகாதவர், அடுத்த மார்ச் மாதத்திலேயே 29 வயதில் காலமாகிவிட்டார் என்பதை, யாரையும் குறைசொல்லாமல், சும்மா குறிப்பிட்டு வைக்கிறேன்.) நான் மதிப்பது என்னவென்றால், அட்டவணையைக் கொடுத்த அதே கையால் அதன் ஆபத்துகளையும் அவர் எழுதிக் கொடுத்தார். வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வந்துவிடலாம், கவனமின்றி ஓட்டமாக வாசிக்க நேரலாம் என்றவர், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகவும் ஆகலாம் என்று நான்காவதாக எச்சரித்தார். அட்டவணை மட்டும் கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எச்சரிக்கை வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது.

எச்சரிக்கையை நிறுத்திவிட்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் சொல்லும் வழக்கம் பிரசங்கங்களிலும் இருக்கிறது. புத்தாண்டில் தாய்மாரை நோக்கிப் பேசுகிறவர்கள், குணசாலியான ஸ்திரீயை வருணிக்கும் நீதிமொழிகள் 31ஐத் தொடாமல் விடுவதில்லை. "இருட்டோடே எழுந்திருந்து தன் வீட்டாருக்கு ஆகாரங்கொடுத்து" என்பது வரை ஓங்கிய குரலில் வாசிக்கப்படும். அதே வசனத்தின் மறுபாதியில் "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்" என்று இருப்பதைக் குறித்து நான் இதுவரை ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. அந்தக் குணசாலியான ஸ்திரீக்குக் கைகொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

அவளுக்கு அடுத்தபடியாக வருகிறவர் சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்ல்ஸ் வெஸ்லி சகோதரரின் தாய், 19 பிள்ளைகளைப் பெற்றவர், அவர்களில் 9 பேரைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்தவர். அவரைப் புகழ்வதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஆனால் முழுவதையும் சொல்லுங்கள் என்கிறேன். 1709இல் இங்கிலாந்தின் எப்வொர்த்தில் அவர்களுடைய வீடு எரிந்துபோனபின் பிள்ளைகள் பல வீடுகளில் சிதறி வளர்ந்தார்கள். வீடு மீண்டும் கட்டப்பட்டு, எல்லாரும் திரும்பி வந்தபோது குடும்ப ஒழுங்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததை, 1732இல் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரிக்கிறார். அந்தத் தொடக்கத்தில் ஏற்பட்ட புது வழக்கங்களில் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை பேச்சு வந்த கடைக்குட்டியையும், இரண்டாவது பிள்ளை அதற்கு அடுத்ததையும் என்று ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போய், அன்றைய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டுவது. அதாவது, பிள்ளைகளே பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். தாமே பிள்ளைகளோடு பேசுவதற்கு அவர் வைத்திருந்த ஒழுங்கும் மாலைக்கு ஒரு பிள்ளை, ஞாயிறன்று மட்டும் இருவர் என்ற அளவில்தான் இருந்தது. அந்த வீட்டில் வேலையாட்களும் இருந்தனர். நம் பிரசங்கங்களில் இவையெல்லாம் கழிந்துபோய், பிள்ளைகள் நிறைந்த வீட்டிலும் ஜெபத்தை விடாத தாய் என்ற ஒரு வரி மட்டும் எஞ்சுகிறது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவள் தன்னைக் குறைத்தே மதிப்பிட்டுக்கொள்வாள்.

அடுத்து, தகப்பன்மார். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக" என்று பவுல் எபேசியருக்கு எழுதியதில் விளிக்கப்படுகிறவர் யார் என்பதில் ஐயமே இல்லை. அப்படியிருக்க, பிள்ளை வளர்ப்பைக் குறித்த புத்தாண்டு ஆலோசனை பெண்கள் ஐக்கியத்தின் ஜனவரிக் கூட்டத்தில் மட்டுமே நடப்பது ஏன்? ஆண்கள் கூட்டத்தில் கட்டட நிதியையும் வருடாந்தரக் கணக்கையும் பேசி முடித்தபின் கால்மணி நேரமாவது இதற்கு ஒதுக்கினால் போதும், பல வீடுகளில் காரியம் மாறும்.

கணவர் விசுவாசத்தில் இல்லாத, அல்லது கணவரே இல்லாத வீடுகளும் சபையில் உண்டு என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. தீமோத்தேயுவிடமிருந்த மாயமற்ற விசுவாசத்தைக் குறித்துப் பேசும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். தகப்பன் பங்கெடுக்காத வீட்டிலும் பொறுப்பு இரண்டு பேரிடம் இருந்திருக்கிறது. பாட்டியும் இல்லாத வீட்டுக்குத்தான் யாத்திராகமத்தின் அயல்வீட்டு ஏற்பாடு. வாரத்தில் ஒருநாள் அப்படிப்பட்ட தாயையும் பிள்ளைகளையும் தங்கள் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்ள இரண்டு மூன்று குடும்பங்களை நீங்களே நேரில் போய்க் கேட்டு ஏற்பாடு செய்யலாம். பொது அறிவிப்பாகச் சொன்னால் யாரும் முன்வரமாட்டார்கள், அந்தத் தாயும் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவாள்.

குடும்ப ஜெபம் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. அடுப்படியை ஒதுக்கிவிட்டு வருவதற்குள் கடைக்குட்டிக்குத் தூக்கம் வந்துவிடும். மூத்தவன், இன்னும் எத்தனை வசனம் இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான். நடுவுள்ளவள், யோனாவை விழுங்கிய மீனுக்கு வயிறு வலிக்காதா என்று கேட்பாள், அதற்குச் சிரிப்பதா அதட்டுவதா என்று தெரியாமல் ஒரு கணம் போகும். அதிகாரத்தை முடித்தாக வேண்டும் என்ற கட்டம் தாளில் இருந்தால் அந்தக் கேள்வி அதட்டலில் முடிகிறது. கட்டம் இல்லாத நாளில் அது பேச்சாகிறது. உபாகமம் 6இல், வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுக்கிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளிடம் இவற்றைக் குறித்துப் பேசு என்றிருக்கிறது. அங்கே அதிகாரக் கணக்கு ஒன்றும் கேட்கப்படவில்லை.

சங்கீதம் 117இல் இரண்டே வசனங்கள்தாம். பேச்சுத் திருத்தமாக வராத பிள்ளைகூட ஒரு வாரத்தில் அதைச் சொல்லப் பழகிவிடும். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள், வாரத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால் நான்கு மாதத்துக்குள் ஒரு குடும்பம் ஒரு சுவிசேஷத்தை நிதானமாகப் பேசி முடிக்கலாம். இதை ஜனவரியில் தொடங்கி இரண்டு வாரம் தவறவிட்ட வீடு, விட்ட இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், ஈடுகட்ட வேண்டியது எதுவுமில்லை. கர்த்தருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் 3 சொல்வதை நாம் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிறோம். ஆனால் அது பிப்ரவரி 17ஆம் தேதிக்கும் பொருந்துகிற வசனம் என்பதை யாராவது பிப்ரவரி 17ஆம் தேதி எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

உபவாசத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாலூட்டுகிறவர்களும் கர்ப்பவதிகளும் மருந்து உண்கிறவர்களும் அதில் சேராமல் இருப்பது குறைவல்ல என்பதை அறிவிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உபவாசமிருக்கும் தாய் அன்றைக்கும் வீட்டாருக்குச் சமைக்கிறாள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜனவரி முதல் தேதி பல திருச்சபைகளின் நாட்காட்டியில் இயேசுவுக்குப் பெயரிட்ட எட்டாம் நாளாகவும் இருக்கிறது. அந்த நாளின் பிரசங்கத்தில் பாலகனைப் பற்றிக் கேட்கிறோம், அவனைப் பெற்று எட்டே நாளான மரியாளைப் பற்றிக் கேட்பதில்லை. ஆண்பிள்ளை பெற்றவள் அதன்பின் இன்னும் 33 நாள் காத்திருந்து ஓர் ஆட்டுக்குட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும் என்பது லேவியராகமம் 12இன் ஒழுங்கு. அதற்குச் சக்தியில்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையாவது புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரட்டும் என்று அதே அதிகாரம் தளர்வு தருகிறது. மரியாளும் யோசேப்பும் அந்தத் தளர்வின்படி செலுத்தியதாகவே லூக்கா எழுதுகிறார். இரட்சகரின் தாய் கொண்டுவந்தது குறைந்த அளவு. அது குறையாக எண்ணப்படவில்லை.

ஆகவே வரும் ஆண்டின் தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். முழு வேதத்தையும் ஓராண்டில் வாசிக்கும் திட்டத்தை விரும்புகிறவர்களுக்கு வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கென்று ஒரு சுவிசேஷமும் சில சங்கீதங்களும் மட்டும் கொண்ட திட்டத்தைச் சம மதிப்போடு அச்சிடுங்கள். இரண்டாந்தரமான ஒன்றைப்போல அடிக்குறிப்பில் போட வேண்டாம். குடும்பம் என்ற தலைப்பின்கீழ் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே, வீட்டில் இதை யார் செய்வது என்று அவரவர் பெயரை எழுதிக்கொள்ள ஓர் இடம் விடுங்கள், எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால் வீட்டார் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். தீர்மானங்களில் கையொப்பமிட்டுப் பீடத்தில் வைக்கச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப் பார்க்கிலும் நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி புத்தகம் சொல்லியிருக்க, பின்னிரவுத் தூக்கக் கலக்கத்தில் பொருத்தனை வாங்குவது முறையாகத் தோன்றவில்லை. வீடு சந்திக்க வரும்போதும் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று கேளுங்கள்.

சிறு பிள்ளைகளின் வீடுகளுக்கான அந்தத் திட்டத்தைத் தயாரிக்க உதவி வேண்டுமானால், தாய்மாரில் சிலரும் தகப்பன்மாரில் சிலரும் உட்கார்ந்து எழுதித்தர ஆயத்தமாயிருக்கிறோம். மூப்பர் கூட்டத்தில் இதை எந்த நாளில் எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிவித்தால் வந்து சேருவோம். பிள்ளைகளையும் கூடவே அழைத்து வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
சபையின் தாய்மாரில் ஒருத்தி