‘ஹேவ்’ பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய மெயில்களையெல்லாம் படித்துவிட்டேன். உன் மேனேஜர் திருத்திய இடங்களில் முக்கால்வாசி ஒரே இங்கிலீஷ் சொல்லில்தான் வந்து நிற்கிறது, ‘ஹேவ்’ (have). இவ்வளவு சின்னச் சொல்லில் போய் இத்தனை தப்பா என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். சொல் சின்னதுதான், ஆனால் அது செய்கிற வேலை பெரிது: வைத்திருப்பதைச் சொல்லும், முடிந்ததைச் சொல்லும், செய்தே ஆக வேண்டியதைச் சொல்லும், அடுத்தவரை வைத்துச் செய்வித்ததையும் சொல்லும். இத்தனை வருஷம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்ததில் நான் கண்டது, நன்றாகப் பேசுகிற பிள்ளைகள்கூட இந்தச் சொல்லில் சறுக்குவார்கள், அதுவும் எல்லோரும் அதே இடத்தில் சறுக்குவார்கள். அப்படியென்றால் அது கவனக்குறைவு இல்லை, உள்ளேயிருந்து தமிழ் இழுக்கிறது. எங்கே இழுக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்பாய், அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில், ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’. நம் மொழியில் ஹேவுக்கு நேரான வினைச்சொல்லே கிடையாது. ‘எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது’ என்கிறோம். சந்தேகம்தான் இருக்கிறது, நாம் ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறோம். இங்கிலீஷ்காரன் ‘நான்’ என்று தொடங்கி அந்தச் சந்தேகத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறான். நமக்கு அந்த ‘இருக்கிறது’ காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால் ‘ஆம்’ என்று ஒன்றைச் சேர்த்து, ஹேவை ஹேவிங் ஆக்கிவிடுகிறோம். தம்பி இருக்கிறான், நேரம் இருக்கிறது, தலைவலி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது என்று நாம் சொல்கிற இடங்களிலெல்லாம் வெறும் ‘ஐ ஹேவ்’ போதும்.

அதற்காக ஹேவிங் என்றாலே பயந்து ஒதுங்காதே, போன மாதத்திலிருந்து நீ அப்படித்தான் செய்கிறாய் போலிருக்கிறது. ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ சரியான வாக்கியம். ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் தி லாகின்’, அதுவும் சரி. மீட்டிங் என்பது நடக்கிற காரியம், ஒரு நேரத்தில் தொடங்கி ஒரு நேரத்தில் முடியும். லாகினில் படுகிற பாடும் அப்படித்தான், இந்த நிமிஷம் பட்டுக்கொண்டிருக்கிறாய். தம்பியோ அனுபவமோ நடந்துகொண்டிருக்கிற காரியம் இல்லை, உன்னிடம் இருப்பது. எழுதும்போது ‘இது என்னிடம் இருக்கிறதா, இல்லை நடந்துகொண்டிருக்கிறதா’ என்று ஒரு தடவை கேட்டுப் பார், சட்டென்று பிடிபடும்.

‘ஐ டிட் நாட் ஹேட் டைம்’ என்பது சின்ன விஷயம். ‘டிட்’ வந்துவிட்டாலே இறந்தகாலம் அங்கே முடிந்தது, பின்னால் ஹேவ்தான். ‘ஷி டஸ் நாட் ஹேவ்’ என்பதும் அதே கணக்கு, ‘டஸ்’ வந்தபிறகு ‘ஹேஸ்’ வராது. இதை நீ பேச்சில் சரியாகத்தான் சொல்கிறாய், அவசரமாக டைப் அடிக்கும்போது மட்டும் வருகிறது. விடு.

இப்போது பெரிய இடத்துக்கு வருகிறேன். ‘ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட் எஸ்டர்டே.’ மேனேஜர் ஹேவை அடித்துவிட்டு ‘ஐ சென்ட்’ என்று மட்டும் வைத்திருக்கிறார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம், ஒரு குறையும் இல்லை. நம் ‘அனுப்பியிருக்கிறேன்’ பக்கத்தில் நேற்றையும் உட்காரவைக்கும், போன வருஷத்தையும் உட்காரவைக்கும். இங்கிலீஷில் அது நடக்காது. ‘ஹேவ் சென்ட்’ என்றால் பார்வை இப்போது என்பதன் மேல் இருக்கிறது: அனுப்பியாகிவிட்டது, உங்கள் இன்பாக்ஸில் கிடக்கிறது, பாருங்கள். ‘எஸ்டர்டே’ என்று சொன்ன நொடியில் பார்வை நேற்றைக்குப் போய்விடுகிறது, நேற்றோ முடிந்துபோன நாள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் படிக்கிறவருக்கு இடறும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் ஹேவின் அடிப்படைப் பொருள் கையில் வைத்திருப்பது. ‘கடிதத்தை எழுதப்பட்டதாக வைத்திருக்கிறேன்’ என்பது போன்ற அமைப்பு அங்கே இருந்தது. கடிதம் எழுதி முடிந்த நிலையில் என் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அப்புறம் சொற்கள் இடம் மாறி மாறி, ‘ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்’ என்று இன்றைய உருவத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பழைய ‘கையில் இருக்கிறது’ இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டால், இந்த அமைப்பு நிகழ்காலத்தை விட்டு நகர மறுப்பது எளிதாக மனசில் நிற்கும். நாம் அதே வேலைக்கு ‘இரு’வைச் சேர்த்தோம், எழுதி இருக்கிறேன் என்று. அவர்கள் வைத்திருப்பதைச் சேர்த்தார்கள். இலக்கணப் புத்தகத்தில் ‘ப்ரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்ற பெயரைப் பார்த்து மிரளாமல் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

ஆக, எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ, இப்படி முடிந்துபோன நேரம் எது வந்தாலும் ஹேவை எடுத்துவிடு. ‘டுடே’, ‘திஸ் வீக்’ என்றால் இன்னும் முடியாத நேரம், ஹேவ் தாராளமாக இருக்கலாம். ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ வருகிற இடத்தில் பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட்’ என்றும் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். உன் டீமில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள் என்றாயே, அதனால்தான் குழம்பியிருப்பாய். இரண்டும் சரிதான், எழுதும்போது ஹேவோடு எழுதிவிடு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதே வரிசையில் இன்னொன்று, இதை நிதானமாகப் பார். ‘அவர் வெளிநாடு போயிருக்கிறார்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு அர்த்தம் வரும். இப்போது அங்கேதான் இருக்கிறார் என்றும் கொள்ளலாம், முன்னொரு தடவை போய்வந்த அனுபவம் உண்டு என்றும் கொள்ளலாம். எது என்று பேச்சின் போக்கில் நாம் புரிந்துகொள்வோம். இங்கிலீஷ் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது. ‘ஹி ஹேஸ் கான் அப்ராட்’ என்றால் ஆள் இங்கே இல்லை. ‘ஹி ஹேஸ் பீன் அப்ராட்’ என்றால் போனார், வந்துவிட்டார். நீ கிளையன்டுக்கு, ‘மை கலீக் ஹேஸ் கான் டு யுவர் ஆபீஸ் ட்வைஸ்’ என்று எழுதியிருக்கிறாய். கலீக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க, கிளையன்டுக்கு அவர் கிளம்பிப் போனவராகத் தெரிவார். ‘ட்வைஸ்’ இருப்பதால் சமாளித்துப் புரிந்துகொண்டிருப்பார்கள். அங்கே ‘ஹேஸ் பீன் டு’ என்று வர வேண்டும்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பதும் நேராகத் தமிழிலிருந்து வந்ததுதான். ‘இரண்டு வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறோம், அந்த ‘ஆக’ மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. இங்கிலீஷில் முன்பு தொடங்கி இன்றுவரை நீளுகிற காரியத்துக்கு மறுபடியும் ஹேவைத்தான் கூப்பிட வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’. இன்டர்வியூவில் கேட்கிற முதல் கேள்விக்கே இந்த வாக்கியம்தான் பதில், அதனால் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள். சொல்லும்போது ‘ஐ’வ் பின்’ என்று சுருங்கும், ஹேவ் காதில் விழுந்தும் விழாததுமாகப் போய்விடும். படங்களில் அவர்கள் பேசுவதைக் கேட்டு, ஹேவே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. ‘வுட் ஹேவ்’ என்பதைச் சுருக்கி ‘வுட்’வ்’ என்று சொல்வது காதில் ‘வுட் ஆஃப்’ (would of) போலக் கேட்பதால், இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிலேயே பலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். நீ எழுதாதே. ‘ஹேவ் டு’ என்பதும் பேச்சில் ‘ஹேஃப் டு’ ஆகிவிடும், அதை அப்படியே சொல்லலாம்.

செய்வித்தது பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் உன் மெயிலில் ஓர் இடம் கண்ணில் பட்டது. ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை லேப்டாப், சோ ஐ வாஸ் லேட்.’ நீயே ஸ்க்ரூவைக் கழற்றி ரிப்பேர் பார்த்தாயா? தமிழில் ‘லேப்டாப்பை ரிப்பேர் பண்ணிக்கொண்டு வந்தேன்’ என்றால் கடையில் கொடுத்துப் பண்ணினோம் என்று யாருக்கும் புரியும், ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றால் நம் கையால் வெட்டிக்கொண்டதாக யாரும் நினைப்பதில்லை. இங்கிலீஷ் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. ‘ஐ ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்ட்’ என்று லேப்டாப் நடுவில் வர வேண்டும், ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பது போல. அதே சொற்கள்தான், பொருளின் பெயர் எங்கே நிற்கிறது என்பதை வைத்து வேலை பார்த்தவரே மாறிவிடுகிறார். இந்த ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் உன் இங்கிலீஷ் ஒரு படி ஏறியது மாதிரி கேட்கும், நான் உத்தரவாதம் தருகிறேன்.

ஆளை வைத்துச் செய்விப்பதும் உண்டு: ‘ஐ வில் ஹேவ் ஹிம் கால் யூ’. இங்கே ‘டு’ கிடையாது. கெட் போட்டால் மட்டும் ‘ஐ வில் கெட் ஹிம் டு கால் யூ’ என்று ‘டு’ வந்துவிடும். ஆனால் ஒன்று பார்த்துக்கொள், ‘ஐ வில் ஹேவ் ஹிம்’ என்பதில் நான் சொன்னால் அவர் செய்வார் என்ற தொனி இருக்கிறது. உனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் என்றால் பொருந்தும். உன் மேனேஜரைப் பற்றி அப்படி எழுதாதே, ‘ஐ வில் ஆஸ்க் ஹிம் டு கால் யூ’ என்று எழுது.

‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு தடவை வந்தால் டைப்பிங் தப்பு என்று நினைத்து ஒன்றை அழித்திருக்கிறாய். அது தப்பு இல்லை. ‘ஐ ஹேட் ஹேட் தட் போன் ஃபார் த்ரீ இயர்ஸ் வென் இட் ப்ரோக்.’ உடைவதற்கு முன்பே மூன்று வருஷம் வைத்திருந்தேன் என்று ஹேவை வைத்துச் சொன்னால் இப்படித்தான் வரும். முதல் ஹேட் காலத்துக்கு, இரண்டாவது வைத்திருந்ததற்கு. படிக்க ஒரு மாதிரி இருக்கிறது என்று தோன்றினால் ‘ஐ’ட் ஹேட்’ என்று சுருக்கிவிடு.

கடைசியாக ‘ஹேட் பெட்டர்’. இதைத்தான் நான் கொஞ்சம் கவலையோடு எழுதுகிறேன். பெட்டர் என்று இருப்பதால் பணிவான சொல் என்று எண்ணிக்கொண்டு, உன்னைவிட மூத்தவருக்கு ‘யூ ஹேட் பெட்டர் செக் திஸ் ஃபைல்’ என்று அனுப்பியிருக்கிறாய். தமிழில் ‘ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது’ என்று மரியாதையாகச் சொல்ல நினைத்தாய் என்பது எனக்குப் புரிகிறது. அவர் காதில் அது ‘ஒழுங்காகப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அப்புறம் தெரியும்’ என்கிற மாதிரி விழும். உள்ளே ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. உன் தம்பியிடம், உன் தோழியிடம் சொல்லலாம், ‘ஐ ஹேட் பெட்டர் கோ’ என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு ‘குட் யூ ப்ளீஸ் செக் திஸ் ஃபைல்’ போதும். அவர் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாயே, காரணம் இதுவாகவும் இருக்கலாம். இரண்டு வரியில் ‘ஐ டிட் நாட் மீன் டு சவுண்ட் ரூட்’ என்று எழுதிவிடு, நாளைக்குத் தள்ளாதே.

வருஷ ரிவ்யூவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாயே, அதை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு காப்பி போடு. ஒரு வருஷத்தில் செய்ததையெல்லாம் சொல்கிற எழுத்து என்பதால் வரிக்கு வரி ஹேவ் வரும். நீ முதலில் பென்சிலால் அவற்றின் கீழே கோடு போட்டு நீயே ஒரு தடவை பார், மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா