ஞாயிறுதோறும் படம் பார்த்துச் சொல்கிறவருக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

வணக்கம் ஐயா.

உங்கள் விமர்சனப் பக்கம் ஞாயிறு காலை ஏழரைக்கு எங்கள் கடைக்கு வரும். பத்து மணிக்குள் அதன்மேல் நாலு பேருடைய முடி விழுந்திருக்கும். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். பத்திரிகையை முதலில் எடுப்பவர் மரண அறிவிப்பைப் பார்ப்பார். அடுத்தவர் உங்கள் பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசிப்பார். நான் கத்தரியோடு கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தப் பதினோரு வருடத்தில் உங்களைக் கண்ணால் படித்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம்.

உங்களோடு சண்டை போடுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

பழைய படங்கள் வரிசையில் ‘பராசக்தி’யைப் பற்றி எழுதினீர்கள். வசனத்தைப் புகழ்ந்துவிட்டு, கதை முழுக்கத் தற்செயலில் ஓடுகிறது, பிரிந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் வந்து முட்டிக்கொள்கிறார்கள், இன்றைய கண்ணுக்கு அது மிகை என்று முடித்தீர்கள். அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பாதி முடியோடு எழுந்துவிட்டார். எழுபது வயதுக்காரர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருடைய பெரியப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரவே இல்லை. ஊரில் இருந்த தங்கச்சிக்குக் கடுதாசி போடவும் வழியில்லை. 1952இல் வந்த அந்தப் படத்தில் மூன்று அண்ணன்மார் ரங்கூனில், தங்கச்சி மதுரையில். சண்டை நேரத்தில் கப்பலுக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. எங்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டபோது, அந்த ஒரு டிக்கெட்டுக்காக அழுத பெண்களை நான் சிறுபிள்ளையாக இருந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் மிகை என்று சொன்னது அவர்கள் வீட்டுக் கணக்கு ஐயா. ஆனால் நீதிமன்றக் காட்சி நீளம் என்றீர்களே, அது நீளம்தான். அதை நான் கடையில் சொன்னால் அடி விழும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மலாய்ப் படங்களைப் பற்றி எழுதியபோது, அந்தக் காலத்து மலாய் நடிகர் பி. ரம்லியின் படங்களில் இந்திய வாடை அடிக்கிறது என்றீர்கள். அடிக்காமல் என்ன செய்யும்? 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். 1956இல் ‘ஹங் துவா’ எடுத்தவர் பாணி மஜும்தார். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் சமைத்தவர்கள் நம் பக்கத்துக்காரர்கள், குழம்பு வேறு எப்படி மணக்கும்? சரி, அது சின்ன வழக்கு.

உங்களுடைய ஆகச் சிறந்த கட்டுரை எது என்று கேட்டால், மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தைப் பற்றி எழுதியதைச் சொல்வேன். முழுப் பக்கம். தங்கச்சிக்குக் காலைப் பள்ளி, அண்ணனுக்கு மத்தியானப் பள்ளி, இரண்டு பேருக்கும் ஒரே சோடி சப்பாத்து. அவள் பள்ளி விட்டு ஓடி வந்து சந்தில் கழற்றிக் கொடுப்பாள், அவன் மாட்டிக்கொண்டு ஓடுவான். கடைசியில் கொப்புளம் வந்த கால்களைத் தொட்டித் தண்ணீரில் வைக்கிறான், மீன்கள் வந்து சூழ்கின்றன. அந்த மீன்களைப் பற்றி மட்டுமே ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அதை வாசிக்கக் கேட்டபோது எனக்குக் கத்தரி நின்றுவிட்டது. என் அக்காவுக்கும் காலைப் பள்ளி, எனக்கு மத்தியானப் பள்ளி. எங்களுக்குள் கை மாறியது சப்பாத்து இல்லை, குடை. தோட்டத்து முச்சந்தியில் பஸ் நிற்கும். அவள் இறங்குவாள், நான் ஏறுவேன், படிக்கட்டில் குடை என் கைக்கு வரும். மழைக்காலத்தில் அவள் குடையைக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு நனைந்துகொண்டே போவாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஈரான்காரன் எடுத்து, நீங்கள் எழுதி, கோப்பிக்கடைக்காரர் வாசித்து, நாற்பது வருடம் கழித்து அந்தக் குடை எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் ‘கபாலி’. 2016 ஜூலையில் வந்தது. எங்கள் ஊரிலிருந்து மூன்று வேன் பிடித்து ஈப்போவுக்குப் போனோம். தோட்டத்துத் தொழிலாளி மகன் சம்பளத்துக்காகப் போராடுகிற பழைய கதை படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று எழுதினீர்கள். விசிலடித்துக்கொண்டிருந்த அரங்கம் அந்த இடத்தில் மட்டும்தான் வாயை மூடியது. கோட்டு, சூட்டு, துப்பாக்கி எல்லாம் எங்களுக்கு வேடிக்கை, தோட்டம்தான் எங்கள் கதை. அதுகூடப் பரவாயில்லை, ரசனை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் முடிவை வெடிச் சத்தத்தோடு திறந்தே விட்டதுதான் இயக்குநரின் துணிச்சல் என்றீர்களே. நம் நாட்டில் ஓடிய பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டுத்தான் படத்தை முடித்தார்கள். நீங்கள் எந்த ஊர்ப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று எங்கள் கடையில் இன்றுவரை பந்தயம் நடக்கிறது. தணிக்கைக்காக ஒரு படத்தின் கடைசி மூச்சையே மாற்றியிருக்கிறார்கள், மலேசியத் தமிழ் விமர்சகருக்கு அதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்க முடியும்?

இவ்வளவும் செல்லச் சண்டை. நான் உட்கார்ந்து மடல் எழுதுகிற காரணம் போன மாதம் வந்த உள்ளூர்ப் படம்.

அதற்கு ஐந்து வரி எழுதினீர்கள். நம் பிள்ளைகளின் முயற்சி, குறைகளைப் பெரிதுபடுத்தாமல் ஆதரிப்போம், குடும்பத்தோடு பாருங்கள். அவ்வளவுதான். ஈரானிய மீனுக்கு ஒரு பத்தி, நம் ஊர்ப் படத்துக்கு ஐந்து வரி. அந்த ஐந்து வரியில் திட்டு ஒன்றும் இல்லை, எல்லாம் நல்ல வார்த்தை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இழவு வீட்டில் கை கொடுக்கிற மாதிரி கை கொடுத்திருக்கிறீர்கள்.

புரட்டிப் பார்த்தேன். கடையில் பழைய பத்திரிகைகளைத் தூக்கிப்போடுவதில்லை, கண்ணாடி துடைக்க ஆகும். கிடைத்த வரைக்கும், உள்ளூர்ப் படம் ஒவ்வொன்றுக்கும் இதே ஐந்து வரிதான். சென்னையிலிருந்து வரும் பெரிய படத்தில் கதாநாயகன் கைக்கடிகாரம் காட்சிக்குக் காட்சி மாறுவதைக்கூடக் கண்டுபிடிக்கிறீர்கள். நம் படத்தில் ஒலி சரியில்லையா, கதை எங்கே நொண்டுகிறது, நடித்த பெண் எப்படி, எதுவும் இல்லை. ஈப்போ போய்வர எண்ணெய்க் காசு, டிக்கெட், பிள்ளைகளுக்குத் தீனி. நூறு வெள்ளி போகும். உள்ளூர்ப் படம் ஒரு வாரத்துக்குமேல் அரங்கில் நிற்பதும் அபூர்வம். நம்பிப் போகலாமா என்று கேட்கத்தான் உங்கள் பக்கத்தைப் பிரிக்கிறோம். ஆதரிப்போம் என்பது அதற்குப் பதில் இல்லையே.

2015 கடைசியில் ‘ஜகாட்’ வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது. அடுத்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதே வாங்கியது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், அப்போய் என்கிற பையன், படி படி என்று பிரம்பெடுக்கிற அப்பா, குண்டர் கும்பலில் சித்தப்பா. எங்கள் தோட்டமும் விற்றுப்போய்தான் நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம். அதனால் அந்தப் படத்தை என்னால் தள்ளி நின்று பார்க்க முடியவில்லை. என் கண்ணுக்கு, அந்த அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். அவர் ஏன் அப்படி அடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும், தோட்டமே பார்க்காத என் மருமகனுக்குத் தெரியவில்லை. இது படத்தின் குறையா, எங்கள் தலைமுறைக் கோளாறா? இதை உங்களைப் போல் உலகப் படமெல்லாம் பார்த்தவர் சொல்லியிருக்க வேண்டும். முடிவெட்டுகிற நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கடைக்கு ஒரு தம்பி வருவான். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர் மகன். கைபேசியில் குறும்படம் எடுக்கிறான். உங்கள் ஐந்து வரி வந்த படத்தில் அவன் விளக்குப் பிடித்திருக்கிறான், பெயர் கடைசியில் ஓடுகிறது. பக்கத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தான். “நல்லாத்தான் எழுதியிருக்கார்ண்ணே. ராத்திரிக் காட்சியில மூஞ்சியே தெரியலன்னு எழுதுவாரோன்னு பயந்துகிட்டே இருந்தேன், அதப் பத்தி ஒண்ணுமே இல்ல” என்றான். பயம் தெளிந்த முகமாக அது எனக்குப் படவில்லை.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன் ஐயா. இராத்திரிக் காட்சியில் மூஞ்சி தெரியவில்லைதான்.

அடுத்த உள்ளூர்ப் படம் வரும்போது ஈப்போவில் எங்களோடு பாருங்கள். சனிக்கிழமை எட்டு மணிக்குக் கடை அடைப்பேன், ஒன்பதரைக் காட்சிக்குப் போய்விடலாம், காரில் ஓர் இடம் இருக்கிறது. தம்பி பின்னால் உட்காருவான்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தில் முடி கொட்டுகிறவன்
சுங்கை சிப்புட், பேராக்