கமால் அத்தாதுர்க் பாடம்: வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளியில் உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால் அத்தாதுர்க் பற்றிய பாடம் குறித்து ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன். இஸ்லாமிய உலகின் சமயத் தலைமையாகக் கருதப்பட்ட கலிபா பதவியை ஒழித்தார், தொப்பியை மாற்றினார், எழுத்தை மாற்றினார் என்று மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, ஒரு மதச்சார்பற்ற குடியரசு எப்படிக் கட்டப்பட்டது என்பதோ, அதற்காக யார் யார் எதை இழந்தார்கள் என்பதோ தெரியாமலே போகிறது.

1915இல் முதல் உலகப் போரின் கலிப்பொலிப் போர்முனையில் பெயர்பெற்ற அந்தப் படைத்தலைவர், 1919 மே 19 அன்று சாம்சுன் துறைமுகத்தில் இறங்கியபின், நாட்டை ஆக்கிரமித்த அந்நியப் படைகளை எதிர்க்கப் படை திரட்டுவதோடு நின்றுவிடவில்லை. எர்சுரும், சிவாஸ் நகரங்களில் மாநாடுகள் கூடின. 1920 ஏப்ரல் 23 அன்று அங்காராவில் தேசியப் பேரவை திறக்கப்பட்டது. கிரேக்கப் படை அங்காராவை நெருங்கிய 1921இல்கூட, தலைமைத் தளபதிக்குரிய அதிகாரத்தை அப்பேரவை அவருக்கு மூன்று மாத கால வரம்போடுதான் வழங்கியது. போரின் நடுவிலும் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது என்னும் இச்செய்தியை, போர்க்களங்களின் பட்டியலைவிட முதன்மையானதாக நான் கருதுகிறேன்.

அடுத்து 1924 மார்ச் 3. கலிபா பதவி ஒழிக்கப்பட்ட அதே நாளில் கல்வி முழுவதும் ஒரே அமைச்சகத்தின்கீழ் வந்தது. சமய விவகாரத் தலைமையகம் ஒன்றும் நிறுவப்பட்டது. அங்கே அரசு சமயத்திலிருந்து விலகி நிற்கவில்லை. இமாம்களை நியமிப்பதும் பள்ளிவாசல்களை நிர்வகிப்பதும் அரசின் கீழ் வந்தன. 1928இல் அரசு மதம் பற்றிய வாசகம் அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1937இல் மதச்சார்பின்மை அதில் இடம்பெற்றது. எல்லாச் சமயங்களையும் சமமாக நடத்த முயலும் இந்திய முறையிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது என்பதை விளக்காமல் விட்டால், மாணவர்கள் இரண்டையும் ஒன்றெனவே எண்ணிக்கொள்வார்கள்.

இவ்விடத்தில், கலிபா பதவியைக் காக்க இந்திய முஸ்லிம்கள் நடத்திய கிலாபத் இயக்கத்தையும் இணைத்துச் சொல்லலாம். கலிபாவின் மதிப்பைக் காக்கக் கோரி இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் சையது அமீர் அலியும் எழுதிய கடிதம் 1923இன் இறுதியில் இஸ்தான்புல் நாளிதழ்களில் வெளியானபோது, அதை அங்காரா அந்நியத் தலையீடாகவே கண்டது. கலிபா பதவியின் முடிவை அது விரைவுபடுத்தியது. இந்திய வரலாறும் துருக்கி வரலாறும் தொட்டுக்கொள்ளும் இந்த நிகழ்ச்சியைத் தனித்தனிப் பாடங்களில் பிரித்து வைப்பது பேரிழப்பு.

சுவிட்சர்லாந்துச் சட்டத்தை ஒட்டிய 1926ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டம் பலதார மணத்தைத் தடைசெய்தது. மணவிலக்குக் கோரும் உரிமையைப் பெண்களுக்கும் தந்தது. 1934இல் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்றார்கள். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல்தான். 1928 நவம்பரில் அரபு எழுத்துக்குப் பதிலாக, இலத்தீன் எழுத்தை ஒட்டிய 29 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கு சட்டமாயிற்று. எழுத்தறிவு பரவ அது வழிவகுத்தது. ஆனால் முந்தைய தலைமுறைகளின் நூல்களும் கடிதங்களும் பிள்ளைகளுக்குப் படிக்க இயலாதவையாயின. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவரை உண்மையாகவே போற்றுபவன் நான். ஆனாலும் அடக்குமுறையை மறைக்கக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். 1925இல் குர்து மக்கள் பகுதியில் எழுந்த ஷேக் சயீது கிளர்ச்சியை ஒட்டி இயற்றப்பட்ட ஒழுங்குச் சட்டம் பத்திரிகைகளின் வாயை அடைத்தது, எதிர்க்கட்சி மூடப்பட்டது, சிறப்பு நீதிமன்றங்கள் பலரைத் தூக்கிலிட்டன. 1930இல் அவருடைய ஊக்கத்தாலேயே தோன்றிய மற்றொரு கட்சியும் சில மாதங்களிலேயே கலைந்தது. 1937, 1938ஆம் ஆண்டுகளில் கிழக்குத் துருக்கியில் குர்து மக்கள் வாழ்ந்த தெர்சிம் பகுதியில் இராணுவ நடவடிக்கைகளால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். குடிமக்களைத் துருக்கியர் என்ற ஒரே அடையாளத்துக்குள் அடக்க முயன்ற அக்குடியரசில், குர்து மக்களின் மொழிக்கு இடமில்லாமல் போயிற்று.

ஆகவே, அடுத்த திருத்தப் பதிப்பில் சீர்திருத்தங்களையும் அடக்குமுறையையும் ஒரே பாடத்தில், கால வரிசைப்படி, ஒன்றையொன்று விளக்கும் வகையில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாட இறுதியில் “கலிபா பதவி எந்த ஆண்டு ஒழிக்கப்பட்டது?” என்ற வினாவோடு, “எதிர்க்கட்சியை மூடிய அரசால் பெண்களுக்கு வாக்குரிமை வழங்க முடிந்தது ஏன்?” என்ற வினாவையும் சேருங்கள், அதற்கு விடை எழுத மாணவர்களுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்