கையுறைக்கும் கம்பளிக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கடந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் அப்பலாச்சியன் நெடும்பாதையின் ஒரு பகுதியை நடந்தபோது, வாஷிங்டன் சிகரத்தின் தோளில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், 1915 முதல் நின்றுகொண்டிருக்கும், மலையேறுவோர் தங்கும் ‘லேக்ஸ் ஆஃப் த கிளவுட்ஸ்’ குடிலில் எனக்கும் என் மனைவிக்கும் ஓரிரவு இடம் தந்து காத்தவர்களுக்கு இம்மடலை எழுதுகிறேன்.

தவறு முழுக்க என்னுடையது. மிஸ்பா குடிலிலிருந்து ஐந்து மைல்கூட இல்லையே என்று நண்பகல் கடந்த பிறகே புறப்பட்டேன்; 1934-இல் மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவான மலை அது என்பதைப் படித்திருந்தும் பொருட்படுத்தவில்லை. மரங்கள் நின்றுபோகும் எல்லையைத் தாண்டியதும் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ள, பாதையைக் காட்ட வைத்திருக்கும் ஒரு கற்குவியலருகே நின்றால் அடுத்தது தெரியவில்லை. அப்போது பின்னால் வந்த முதிய தம்பதியர், தம்மிடம் உபரியாக இருந்த கம்பளிக் கையுறையை என் மனைவிக்கு மாட்டிவிட்டு, முன்னால் சென்று, ஒவ்வொரு குவியலையும் கண்டதும் குரல் கொடுத்துக் குடில் வரை எங்களை அழைத்து வந்தனர். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. விடிவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டிருந்தனர்.

குடிலின் இளம் பணியாளர்கள் தங்களை ‘க்ரூ’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் காதில் அது ‘குரு’ என்றே விழுந்தது, பொருந்தாமலும் இல்லை. விரல் விறைத்துக் காலணிக் கயிற்றை அவிழ்க்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, அவர்களில் ஒரு பெண் எதுவும் கேட்காமல் தரையில் அமர்ந்து, நனைந்து இறுகிய முடிச்சைக் கரண்டிக் காம்பால் நெம்பி அவிழ்த்தார். இரவுணவு முடிந்திருந்தும் எங்களுக்காகச் சூப்பை மறுபடி சூடாக்கினர். மரச்சட்டத்தில் பெட்டிகளைக் கட்டி, முதுகில் சுமந்து அவர்களே மேலே கொண்டுவரும் பொருள்களில் சமைத்த உணவு அது என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபின், தட்டில் ஒரு பருக்கையும் மீதம் வைக்க மனம் வரவில்லை.

காலையில் வானிலை அறிக்கையை உரக்கப் படித்தவர், சிகரம் ஒன்றரை மைல்தான் என்று நான் தொடங்கும் முன்பே, மேற்குச் சரிவில் அமோனூசக் பாதை வழியாக இறங்கும்படி பணிவாகவும் உறுதியாகவும் சொன்னார். இறங்கினோம்.

இம்மடலை ஆங்கிலத்தில் எழுதிக் குடிலுக்கு அனுப்ப எங்கள் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். கையுறையையும் துவைத்து அதனுடன் வைக்கிறேன். ஆண்டுதோறும் அங்கே வருவதாகச் சொன்ன அத்தம்பதியர் அடுத்த முறை வரும்போது அவர்களிடம் சேர்ப்பித்துவிட வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் ஓரிரவு விருந்தினன்